மே 19: பிறந்த தேதி தெரியாத தலைவருக்குப் பிறந்தநாள், இளைஞர்களுக்குத் திருவிழா!

துருக்கியில் மே 19-ம் தேதி பொது விடுமுறை. பள்ளிகளுக்குப் பூட்டு. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் திறக்காது. ஆனால், வீதிகள் மட்டும் காலையிலேயே விழித்துக்கொள்ளும். பால்கனிக்குப் பால்கனி சிவப்புக் கொடி தொங்கும். அதில் வெள்ளைப் பிறை, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கொடிகளுக்கு நடுவே கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு மனிதரின் படம். அவர் இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், அந்த நாட்டில் அவர் முகம் தெரியாத குழந்தை இல்லை.

அவர்தான் முஸ்தபா கெமால் அத்தாதுர்க். துருக்கிக் குடியரசை நிறுவியவர், அதன் முதல் ஜனாதிபதி. நம் ஊரில் பழைய தலைமுறைக்கு 'கமால் பாட்சா' என்றால் சட்டென்று புரியும்.

இந்த விடுமுறையின் முழுப் பெயர் கொஞ்சம் நீளம். 'அத்தாதுர்க் நினைவு, இளைஞர் மற்றும் விளையாட்டு விழா.' தலைவர், இளைஞர், விளையாட்டு என மூன்றும் ஒரே நாளில். பொதுவாக ஒரு தலைவரைக் கொண்டாட அவர் பிறந்தநாளைத் தேர்ந்தெடுப்பார்கள். இல்லையென்றால் நினைவுநாள். மே 19 இரண்டும் இல்லை. 1919-ம் ஆண்டு அந்தத் தேதியில் ஒரு பழைய கப்பல் கரை சேர்ந்தது. அவ்வளவுதான். அதில் என்ன விசேஷம்?

41 வயதுக் கப்பல்

முதல் உலகப் போரில் தோற்ற நாடுகளில் ஒன்று, துருக்கியை உள்ளடக்கிய ஒட்டோமான் பேரரசு. 1918 அக்டோபர் 30-ல் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த இரண்டு வாரத்தில் வெற்றி பெற்ற நாடுகளின் போர்க்கப்பல்கள் தலைநகர் இஸ்தான்புல்லின் வாசலில் வந்து நின்றன. சுல்தான் அரண்மனையில்தான் இருந்தார். அதிகாரம்தான் அவர் கையில் இல்லை. 1919 மே 15-ல் கிரேக்கப் படைகள் இஸ்மிர் நகரில் இறங்கின. நாடு துண்டு துண்டாகப் பிரிக்கப்படப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள், மே 16. இஸ்தான்புல்லில் இருந்து 'பந்திர்மா' என்ற சிறிய நீராவிக் கப்பல் கிளம்பியது. ஸ்காட்லாந்தில் 1878-ல் கட்டப்பட்டு, பல கை மாறி வந்த கப்பல். அப்போது அதற்கு வயது 41. அதில் பயணம் செய்த ராணுவ அதிகாரிக்கு வயது 38. கலிபோலி போர்முனையில் 1915-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து படைகளைத் தடுத்து நிறுத்திப் பெயர் வாங்கியிருந்த முஸ்தபா கெமால்.

மூன்று நாள் கருங்கடலில் தள்ளாடிய பந்திர்மா, மே 19 காலையில் வடக்குக் கடற்கரை நகரமான சம்சுனை அடைந்தது. புகையிலைக்குப் பேர்போன துறைமுகம் அது. ஆரவார வரவேற்பு எதுவும் இல்லை. அவரும் உடன்வந்த அதிகாரிகளும் கரையிறங்கி ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். அந்த ஹோட்டல் இன்று அருங்காட்சியகம்.

பிடுங்கப் போனவர், கொடுத்துவிட்டு வந்தார்

சுல்தானின் அரசு கெமாலைச் சம்சுனுக்கு அனுப்பியது போராட்டம் நடத்த அல்ல. அந்தப் பகுதியில் நடந்துகொண்டிருந்த கலவரங்களை அடக்க வேண்டும், மிச்சம் இருக்கும் படைகளிடம் இருந்து ஆயுதங்களைச் சேகரிக்க வேண்டும். இதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. பதவியின் பெயர் ராணுவ ஆய்வாளர்.

அவர் செய்தது நேர் எதிர். சம்சுனில் ஆறு நாள் இருந்தார். பிறகு உள்நாட்டுக்கு நகர்ந்து ஹவ்சா, அங்கிருந்து அமாஸ்யா. போகும் இடமெல்லாம் தந்தி மேல் தந்தி. ஜூன் 22-ல் அமாஸ்யாவில் இருந்து ஒரு சுற்றறிக்கை போனது. நாடு ஆபத்தில் இருக்கிறது, இஸ்தான்புல் அரசால் அதைக் காப்பாற்ற முடியவில்லை, மக்களே தங்கள் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

இஸ்தான்புல் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் போகவில்லை. ஜூலையில் ராணுவப் பதவியையே ராஜினாமா செய்தார். இப்போது அவர் சீருடை இல்லாத சாதாரண மனிதர். அவரைக் கைது செய்யும்படி எர்சுரும் நகரில் இருந்த தளபதி காசிம் கராபெகிருக்கு உத்தரவு வந்தது. கராபெகிர் கைது செய்யவில்லை. தானும் தன் படையும் அவர் பக்கம் என்று அறிவித்தார். அந்த நாளில் கராபெகிர் வேறு முடிவு எடுத்திருந்தால், மே 19-ஐ இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தடுத்து எர்சுரும், சிவாஸ் நகரங்களில் மாநாடுகள். 1920 ஏப்ரல் 23-ல் அங்காராவில் புதிய நாடாளுமன்றம். அதே ஆண்டு இஸ்தான்புல் நீதிமன்றம் கெமாலுக்கு மரண தண்டனை விதித்தது, அவர் இல்லாமலேயே. போர் தொடர்ந்தது. 1922 செப்டம்பர் 9-ல் துருக்கிப் படை இஸ்மிருக்குள் நுழைந்தது. நவம்பரில் சுல்தான் ஆட்சி ஒழிக்கப்பட்டது. 1923 அக்டோபர் 29-ல் குடியரசு பிறந்தது.

இத்தனைக்கும் தொடக்கப் புள்ளி எது என்று கெமாலைக் கேட்டால், அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். சம்சுனில் கால் வைத்த அந்த நாள்.

பிறந்தநாள் எப்போது சார்?

கெமால் 1881-ல் சலோனிகா நகரில் பிறந்தார். இன்று அது கிரீஸ் நாட்டின் தெசலோனிகி. அப்பா அலி ரிசா, அம்மா சுபெய்தே. பெற்றோர் வைத்த பெயர் வெறும் முஸ்தபா. பள்ளியில் கணித ஆசிரியர் பெயரும் முஸ்தபாதான். பையன் கணக்கில் புலி. அந்த ஆசிரியர்தான் 'கெமால்' என்ற பெயரைச் சேர்த்துவிட்டார் என்பார்கள். முழுமை என்று அதற்குப் பொருள்.

ஆனால், அவர் பிறந்த தேதி எது? யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. 50, 60 வருடங்களுக்கு முன்னால் நம் கிராமங்களில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வாரே, அதே கதைதான். பிற்காலத்தில் பிறந்தநாள் பற்றிக் கேள்வி வந்தபோது, அது மே 19-ஆகவே இருக்கட்டும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அரசு ஆவணங்களிலும் 1881 மே 19 என்றே ஏறிவிட்டது. தன் வாழ்க்கை தொடங்கிய நாளாக அவர் தேர்ந்தெடுத்தது, தாய் பெற்ற நாளை அல்ல. வேலை ஆரம்பித்த நாளை.

'அத்தாதுர்க்' என்பதும் பிறவியில் வந்த பெயர் இல்லை. 1934-ல் துருக்கியில் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போது நாடாளுமன்றம் அவருக்குக் கொடுத்த பெயர் அது. துருக்கியரின் தந்தை என்று பொருள். வேறு யாரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது.

வகுப்பறைச் சுவரில் ஓர் உயில்

தலைவரின் நாள் எப்படி இளைஞர்களின் நாள் ஆனது? அதற்கு 1927 அக்டோபருக்குப் போக வேண்டும். அங்காராவில் தன் கட்சி மாநாட்டில் கெமால் ஒரு உரை நிகழ்த்தினார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அல்ல. ஆறு நாட்கள், மொத்தம் 36 மணி நேரம்! துருக்கியில் 'நுதுக்' என்று அழைக்கப்படும் அந்த உரை, 1919 மே 19-ல் சம்சுனில் இறங்கியதில் தொடங்குகிறது. முடிவது இளைஞர்களிடம்.

கடைசிப் பகுதியில் அவர் நாட்டின் இளைஞர்களை நேரடியாக அழைத்துப் பேசுகிறார். சுதந்திரத்தையும் குடியரசையும் காப்பது உங்கள் முதல் கடமை என்கிறார். வெளியில் இருந்து எதிரிகள் வரலாம், உள்ளேயும் இருக்கலாம் என்று எச்சரிக்கிறார். அதோடு நிற்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்களே அசட்டையாகவோ துரோகிகளாகவோ இருக்கக்கூடும், அப்போதும் உங்கள் கடமை மாறாது என்கிறார்.

நாட்டையே ஆளும் ஒருவர், நாளை ஆள்பவர்களை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வது சாதாரண விஷயமா? அந்தப் பகுதிதான் இன்று துருக்கியின் வகுப்பறைகளில் அவர் படத்துக்கும் தேசிய கீதத்துக்கும் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஆட்சியாளர் துரோகியா என்பதை யார் முடிவு செய்வது? 1960-லும் 1980-லும் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதிகள் அத்தாதுர்க்கின் பெயரைச் சொல்லித்தான் பிடித்தார்கள். தெருவில் இறங்கிய மாணவர்களும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். ஒரே உயிலுக்குப் பல வாரிசுகள்.

ஸ்வீடனில் இருந்து வந்த மெட்டு

இந்த விழாவில் விளையாட்டு எப்படி நுழைந்தது என்பது தனிக்கதை. செலிம் சிர்ரி தார்ஜான் என்ற ராணுவ அதிகாரி, உடற்பயிற்சிக் கல்வி படிக்க ஸ்வீடனுக்குப் போனார். அங்கே கூட்டமாக ஒரே தாளத்தில் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் மயங்கினார். ஊர் திரும்பியதும் பள்ளிகளில் அதை அறிமுகப்படுத்தினார். 1916 மே மாதத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, இஸ்தான்புல்லில் மாணவர்களை வைத்து ஓர் உடற்பயிற்சித் திருவிழாவையும் நடத்திக் காட்டினார்.

வரும்போது தார்ஜான் ஒரு மெட்டையும் கொண்டுவந்திருந்தார். ஃபெலிக்ஸ் கோர்லிங் என்பவர் இசையமைத்த ஸ்வீடன் நாட்டுப் பாடல் ஒன்று. மூன்று பெண்கள் பாடிக்கொண்டே நடந்து போகும் ஜாலியான பாட்டு. அதற்கு அலி உல்வி எலோவே என்ற ஆசிரியர் துருக்கி மொழியில் வரிகள் எழுத, அது நடைப்பயணப் பாடல் ஆனது. சம்சுனில் இருந்து ஹவ்சா போகும் வழியில் கெமாலின் பழைய கார் மக்கர் செய்தது, அவரும் தோழர்களும் இறங்கி இந்தப் பாடலைப் பாடியபடியே மலைப்பாதையில் நடந்தார்கள் என்று துருக்கியில் சொல்வார்கள். இன்று அதுதான் 'இளைஞர் அணிவகுப்புப் பாடல்'. மே 19-ல் அதைக் கேட்காமல் துருக்கியில் ஒரு தெருவைக் கடக்க முடியாது. அது ஸ்வீடன் மெட்டு என்பது பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

1926-ல் சம்சுன் மக்கள் தங்கள் ஊரில் மே 19-ஐக் கொண்டாடத் தொடங்கினார்கள். 1935 மே மாதம் இஸ்தான்புல்லின் விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்து ஃபெனெர்பாஹ்சே மைதானத்தில் 'அத்தாதுர்க் தினம்' நடத்தின. ஃபெனெர்பாஹ்சே, கலாதசராய், பெஷிக்தாஷ் என்று கால்பந்தில் ஜென்மப் பகையாளிகளான கழகங்கள் ஒன்றாக நின்ற நாள் அது. ஊர் விழாவும் உடற்பயிற்சி விழாவும் இப்படித்தான் ஒன்றோடு ஒன்று கலந்தன.

அவர் பார்த்த கடைசி விழா

1938 மே 19. அங்காராவில் இரண்டு வருடங்களுக்கு முன் திறக்கப்பட்ட விளையாட்டு மைதானம். பெயரே 'மே 19 மைதானம்'தான். மாணவர்களும் மாணவிகளும் அணி அணியாகப் பயிற்சி செய்து காட்டினார்கள். பார்வையாளர்கள் நடுவே அத்தாதுர்க் அமர்ந்திருந்தார். கல்லீரல் நோய் முற்றியிருந்தது. ஓய்வெடுக்கச் சொல்லி டாக்டர்கள் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்கவில்லை. விழா முடிந்ததும் அங்காராவில் இருந்து கிளம்பி தெற்கே மெர்சின் நகருக்குப் பயணமானார்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 20-ல் நாடாளுமன்றம் மே 19-ஐ 'இளைஞர் மற்றும் விளையாட்டு விழா' என்று சட்டமாக்கியது. அடுத்த மே 19-ஐப் பார்க்க அவர் இல்லை. 1938 நவம்பர் 10, காலை 9.05 மணிக்கு இஸ்தான்புல்லின் டோல்மாபாஹ்சே அரண்மனையில் உயிர் பிரிந்தது. வயது 57.

இப்போதும் ஒவ்வொரு நவம்பர் 10-ம் தேதியும் காலை 9.05-க்கு நாடு முழுக்க சைரன் ஒலிக்கும். நடுரோட்டில் கார்கள் நிற்கும். மக்கள் இறங்கி அசையாமல் நிற்பார்கள். அந்த நாள் துக்கத்துக்கு. மே 19-ல் அழுகைக்கு இடமில்லை.

மைதானத்தில் நின்ற பிள்ளைகள்

அடுத்த 70 வருடங்களுக்கு மே 19 என்றால் மைதானம்தான். நாடெங்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். ஒரே நிற உடை, ஒரே அசைவு, ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி மனிதப் பிரமிடு. மேலே இருந்து பார்த்தால் பிள்ளைகளே கொடியாக, எழுத்தாக, எண்ணாக மாறியிருப்பார்கள். 1980-ல் ராணுவப் புரட்சி நடந்தது. மறுவருடம், 1981-ல் அத்தாதுர்க் பிறந்து நூறு ஆண்டு. அப்போதுதான் விழாவின் பெயருக்கு முன்னால் 'அத்தாதுர்க் நினைவு' என்பதும் சேர்க்கப்பட்டது.

அந்த மைதான நாட்களைப் பற்றித் துருக்கியின் நடுத்தர வயதுக்காரர்களிடம் கேட்டால் இரண்டு விதமான நினைவுகள் வரும். ஆயிரம் பேரோடு சேர்ந்து ஒரே தாளத்தில் கையை உயர்த்திய சிலிர்ப்பு ஒன்று. வெயிலில் மணிக்கணக்கில் நின்றதும், வகுப்புகள் போனதும், அடி தவறினால் ஆசிரியரிடம் வாங்கிய திட்டும் இன்னொன்று. குறிப்பாகப் பெண்களுக்கு இந்த மைதானம் சாதாரண இடமில்லை. அவர்களின் பாட்டிமார் வீட்டைவிட்டு வெளியே வரவே யோசித்த காலம் ஒன்று இருந்தது. பேத்திகள் அரைக்கால் சட்டை அணிந்து நாடே பார்க்க உடற்பயிற்சி செய்தார்கள். துருக்கிப் பெண்களுக்கு 1930-ல் உள்ளாட்சித் தேர்தல்களிலும், 1934-ல் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குரிமை கிடைத்தது. அந்த மாற்றம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று புதிய அரசு விரும்பியது. அதே காட்சியை மார்க்கப் பற்றுள்ள குடும்பங்கள் பல, தங்கள் நம்பிக்கை மீது திணிக்கப்பட்ட ஒன்றாகப் பார்த்தன.

ஆக, ஒரு கேள்வி எப்போதும் மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தது. இது பிள்ளைகளுக்காக நடத்தும் விழாவா, பிள்ளைகளை வைத்து நடத்தும் விழாவா?

2012: ஒரு சுற்றறிக்கை, பெரும் சண்டை

2012 ஜனவரியில் கல்வி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தலைநகர் அங்காராவைத் தவிர மற்ற ஊர்களில் மே 19-ஐ மைதானங்களில் நடத்த வேண்டாம், பள்ளிகளிலேயே கொண்டாடிக்கொள்ளலாம் என்றது. ஒத்திகையால் படிப்பு கெடுகிறது, பல மாகாணங்களில் அந்த நேரத்தில் குளிர் வேறு என்று காரணம் சொன்னது.

நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. எர்டோகன் அரசு அத்தாதுர்க்கின் பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கப் பார்க்கிறது என்றார்கள் எதிர்க்கட்சியினர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அசைய வைப்பதெல்லாம் சர்வாதிகாரக் காலத்துப் பழக்கம், அதைக் கைவிட்டால் என்ன தப்பு என்றார்கள் ஆதரவாளர்கள். வழக்கு உயர் நிர்வாக நீதிமன்றம் வரை போனது. ஆனாலும், பழைய பாணி மைதானக் காட்சிகள் மெல்ல மறைந்துபோயின. அங்காராவின் அந்த 'மே 19 மைதானம்' 2018-ல் இடிக்கப்பட்டது.

மைதானம் போனால் விழாவும் போய்விடும் என்று பலர் பயந்தார்கள். நடந்தது வேறு. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊர் ஊராக நடைப்பயணம், இசைக் கச்சேரி, சைக்கிள் ஊர்வலம், ஓட்டப் பந்தயம். ஆசிரியர் விசில் ஊதாமலேயே இளைஞர்கள் கூடினார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு. யாரும் வெளியே வர முடியாது. இரவு 7.19 மணி, அதாவது 24 மணி நேரக் கணக்கில் 19.19 ஆனதும் மக்கள் பால்கனிகளிலும் ஜன்னல்களிலும் நின்று தேசிய கீதம் பாடினார்கள். 1919-ஐ நினைவூட்டும் நேரம்!

அரசு விழாவும் நடக்காமல் இல்லை. அங்காராவில் அத்தாதுர்க் சமாதியான அனித்கபிரில் மலர் வளையம் வைப்பார்கள். சம்சுனில் இருந்து இளம் விளையாட்டு வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவரும் கொடி தலைநகரை வந்தடையும். சம்சுனில் பந்திர்மா கப்பலைப் போலவே ஒன்று செய்து கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். அசல் கப்பல் 1925-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. நாட்டின் தலையெழுத்தை மாற்றிய கப்பல், ஆறே வருடத்தில் பழைய இரும்பாகப் போனது.

எதிர்க்கரையில் துக்கம்

ஒரே தேதி எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. கருங்கடல் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த கிரேக்கர்கள் உண்டு. 'போன்டஸ் கிரேக்கர்கள்' என்பார்கள். அந்தப் போர் ஆண்டுகளில் அவர்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள். மிஞ்சியவர்களும் 1923-ல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தப்படி ஊரைவிட்டுப் போனார்கள். கிரீஸில் வாழ்ந்த முஸ்லிம்கள் அதேபோல இந்தப் பக்கம் அனுப்பப்பட்டார்கள்.

1994-ல் கிரேக்க நாடாளுமன்றம் மே 19-ஐப் போன்டஸ் கிரேக்கர் இனப்படுகொலை நினைவுநாளாக அறிவித்தது. அந்தச் சொல்லைத் துருக்கி ஏற்பதில்லை. சம்சுனில் பட்டாசு வெடிக்கும் அதே நாளில் ஏதென்ஸில் மெழுகுவத்திகள் எரிகின்றன.

துருக்கிக்கு உள்ளேயும் அத்தாதுர்க்கை ஒரே கண்ணால் பார்ப்பவர்கள் மட்டும் இல்லை. அவர் காலத்தில் நடந்தது ஒரே கட்சியின் ஆட்சி. 1925-ல் ஷேக் சயீத் தலைமையில் நடந்த குர்து மக்களின் கிளர்ச்சியும், 1937-38-ல் டெர்சிம் பகுதியில் நடந்த கிளர்ச்சியும் கடுமையாக நசுக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் நினைவு வேறு. அத்தாதுர்க்கின் நினைவை அவமதித்தால் சிறை என்று 1951-ல் வந்த சட்டம் இன்றும் இருக்கிறது.

சென்னை வரை வந்த கமால் பாட்சா

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. துருக்கி சுல்தான்தான் உலக முஸ்லிம்களின் கலீபா என்பதால், 1919-ல் இந்தியாவில் கிலாபத் இயக்கம் பிறந்தது. காந்தி அதில் கைகோத்தார். சென்னையில் யாகூப் ஹசன் சேட் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். கெமாலின் வெற்றிகள் இங்கே கொண்டாடப்பட்டன. இந்திய முஸ்லிம்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். போர்ச் செலவு போக மிஞ்சிய தொகை, 1924-ல் துருக்கியில் தொடங்கப்பட்ட 'இஷ் பாங்கசி' வங்கியின் முதலீட்டில் சேர்ந்தது. இன்றும் அது துருக்கியின் பெரிய வங்கிகளில் ஒன்று.

ஆனால், அதே 1924 மார்ச் 3-ல் கலீபா பதவியையே ஒழித்துவிட்டார் கெமால்! அதைக் காக்கத்தான் இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றிருந்தார்கள். அவர்களுக்கு அது பேரதிர்ச்சி. இன்னொரு பக்கம், மதத்தையும் அரசையும் பிரித்ததற்காகவும், 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியதற்காகவும் அவரைப் பாராட்டியவர்களும் இங்கே இருந்தார்கள். நேரு சிறையில் இருந்தபடி மகள் இந்திராவுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் கெமாலுக்குத் தனி இடம் கொடுத்தார். டெல்லியில் அத்தாதுர்க் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

நமக்கும் ஓர் இளைஞர் தினம் உண்டு என்பது பலருக்கு நினைவிருக்காது. விவேகானந்தரின் பிறந்தநாளான ஜனவரி 12. 1985-ல் இருந்து அது தேசிய இளைஞர் தினம். அன்றைக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி நடக்கும். விடுமுறை கிடையாது.

இன்றைய பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள்?

2003-ல் எர்டோகன் பிரதமரானார். 2014-ல் ஜனாதிபதியானார். 2003-க்குப் பின் பிறந்து வளர்ந்து கல்லூரிக்கு வந்துவிட்ட ஒரு தலைமுறைக்கு வேறு ஆட்சியே தெரியாது. விலைவாசி ஏறுகிறது. துருக்கி லிராவின் மதிப்பு சரிந்தபடியே இருக்கிறது. படித்தவர்கள் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் கிளம்பப் பார்க்கிறார்கள். தேர்தலில் நிற்க வயது 30 என்று இருந்ததை 2006-ல் 25 ஆகவும், 2017-ல் 18 ஆகவும் குறைத்தார்கள். சட்டப்படி கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே நாற்காலி கிடைக்கிறதா என்பதுதான் இளைஞர்களின் கேள்வி.

2025 மார்ச் 19-ல் இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலு கைது செய்யப்பட்டார். அதற்கு முதல் நாள் அவர் பட்டமே செல்லாது என்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. முதலில் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். போலீஸ் தடுப்புகளைத் தாண்டி நடந்தார்கள். பலர் கைதானார்கள். என் பட்டத்தையும் நாளை இப்படி ரத்து செய்வீர்களா என்ற பயம் அந்தக் கூட்டத்தில் இருந்தது. பல கைகளில் அத்தாதுர்க் படம் இருந்தது. அரசுக் கட்டடத்திலும் அதே படம்தான் தொங்குகிறது.

இதுதான் மே 19-ன் விசித்திரம். ஆளும் கட்சி மலர் வளையம் வைக்கிறது. எதிர்க்கட்சி பேரணி நடத்துகிறது. இருவரும் ஒரே மனிதரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். இளைஞர்கள் நாட்டின் எதிர்காலம் என்று மேடைக்கு மேடை முழங்குவது எந்த நாட்டிலும் எளிது. அவர்கள் வாய் திறந்து பேசும்போது காது கொடுப்பது எளிதல்ல.

1919-ல் அந்தப் பழைய கப்பலில் இருந்து இறங்கியவரும் தன்னை அனுப்பியவர்களின் உத்தரவை அப்படியே கேட்டவர் இல்லை. அவர் பேச்சைக் கேட்காமல் போயிருந்தால்தான் துருக்கிக்கு மே 19 கிடைத்திருக்காது. அவருடைய விழாவைக் கொண்டாடும் பெரியவர்கள், பிள்ளைகள் குரல் உயர்த்தும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

துருக்கியின் நான்கு தேசியத் திருநாட்கள்

* ஏப்ரல் 23: தேசிய இறையாண்மை மற்றும் குழந்தைகள் தினம். 1920-ல் அங்காரா நாடாளுமன்றம் கூடிய நாள்.
* மே 19: அத்தாதுர்க் நினைவு, இளைஞர் மற்றும் விளையாட்டு விழா. 1919-ல் சம்சுனில் கெமால் கரையிறங்கிய நாள்.
* ஆகஸ்ட் 30: வெற்றித் திருநாள். 1922 போரில் கிடைத்த முக்கிய வெற்றியின் நினைவு.
* அக்டோபர் 29: குடியரசு தினம். 1923-ல் குடியரசு அறிவிக்கப்பட்ட நாள்.